மூன்று பெயர் எழுதிய பலகை

“இன்னா தம்பி எழுதிவெச்சிருக்க? சமோசாவா?”

புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு செல்லி கேட்ட தோரணையில், பூபாலன் கையிலிருந்த ஜல்லிக்கரண்டி எண்ணெய்க்குள் நழுவப் பார்த்தது. மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தையில் அவன் கடை போட்ட முதல் நாள். வந்த முதல் ஆளே சண்டைக்கு வந்துவிட்டாள்.

“ஆமாக்கா. சூடா இருக்கு, எடுத்துக்குங்க.”

“மலையில இதுக்கு சமுசான்னு பேரு. பேரை மாத்தி விக்க வந்துட்டியா?”

பூபாலன் வாதாடவில்லை. ‘சந்தை கலையறதுக்குள்ள சரக்கு காலியாவுதான்னு பாக்கறேன். அப்புறம் பொண்ணைப் பத்திப் பேசலாம்’ என்று, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சிவசங்கரியின் அப்பா ஜீவானந்தம் முந்தின நாள்தான் கறாராகச் சொல்லியிருந்தார். ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, சாக்பீஸால் ‘சமுசா’ என்று எழுதினான்.

சந்தவாசல் பஸ் கண்டக்டர் கலையரசன் அதைப் பார்த்ததும் நின்றான்.

“டேய் பூபாலா! நம்மூர்ல சம்சான்னுதானடா வித்த? மலையில பொண்ணு கேட்டதும் ஊர்ப் பேச்சே மறந்துபோச்சா?”

“கத்தாதண்ணே, ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! சந்தவாசக்காரன் மானம் போவுதுல்ல!”

செல்லி விடுவாளா? “உங்க ஊரு மானத்தை உங்க வூட்டுலயே வெச்சுக்க. இது மலை!”

சாமை வாங்க வந்தவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். கோழி விற்றுக்கொண்டிருந்தவர் கோழியோடு வந்தார். பூபாலன் அவசர அவசரமாக மூன்று பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். அப்பாடா என்று நிமிர்வதற்குள் குப்பன் என்கிற விவசாயி முன்னால் வந்தார்.

“மூணுல எதுலப்பா உருளைக்கிழங்கு?”

“எல்லாத்துலயும்தாங்க. மூணும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா எதுக்கு மூணு பேரு? எனக்குத் தெரியாதா? மூணுலயும் ஒண்ணொண்ணு குடு, தின்னு பாத்துட்டு சொல்றேன்.”

ஒரே தட்டிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தான் பூபாலன். குப்பன் கண்ணை மூடி நிதானமாக மென்றார்.

“நடுவுல தின்னது சமுசா. அதுதான் ருசி.”

“போய்யா, உனக்கு நாக்கே செத்துப்போச்சு” என்று கோழிக்காரர் பாய்ந்தார். “எனக்கும் மூணு குடு!”

அதன்பிறகு வந்தவரெல்லாம் மும்மூன்றாகக் கேட்டார்கள். தின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் ஏசினார்கள். அந்த நேரம் பார்த்து ஜீவானந்தம் வந்து நின்றார்.

“இன்னா ரகளை இது?”

“மாமா, அது வந்து…”

“யாருக்கு யாரு மாமா? விக்கிற பலகாரத்துக்கு ஒரு பேரு சொல்லத் தெரியல. குடும்பம் நடத்த வந்துட்டான்!”

திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். கடைசி சமோசாவும் விற்றுத் தீர்ந்தபோது பூபாலனுக்குச் சந்தோஷம் வரவில்லை. காலித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிவசங்கரிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் செல்லி கம்மிய குரலோடு வந்தாள்.

“ஏன்க்கா, திருப்தியா? என் கல்யாணத்தையே கெடுத்துட்டீங்களே!”

“அட போ தம்பி, அவரு திட்டினதெல்லாம் சும்மா. ‘பொண்ணு வூட்டுல சோறு திங்காம அழுவுது, சரக்கு தீர்ற வரைக்கும் கடை முன்னாடி சண்டை போடுங்க’ன்னு என்னையும் கண்டக்டரையும் அனுப்பினதே உன் மாமனாருதான்!”