மேம்பாட்டுக் குழுவும் ஒற்றை நாற்காலியும்

நன்றாக ஓடும் பொருளை நன்றாகத்தானே ஓடுகிறது என்று சும்மா விட்டுவைத்தவர்களால் உலகம் ஓரடிகூட நகர்ந்ததில்லை. மனித குலத்தின் முன்னேற்றம் முழுவதும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவர்கள் போட்ட பிச்சை. தேநீரை வடிகட்டியபடி இப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் பேசினால் தலைவருக்குப் பிடிக்காது.

தலைவர் என் கணவர். அலுவலகத்தில் கூட்டம் கூட்டுவதே அவருக்கு உத்தியோகம் என்பதால் விடுமுறை நாளில் கை நமநமவென்று இருக்கும். அவருடைய தம்பி 'தொழில்நுட்ப ஆலோசகர்'. பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுபவர். ஆனால் யார் யாரோ பெட்டிகளைப் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்தே ஆழ்ந்த ஞானம் அடைந்தவர். கல்லூரிக்குப் போகும் என் மகள் 'இளைஞர் பிரதிநிதி'. எனக்கும் ஒரு பொறுப்பு தரப்பட்டிருந்தது. அதைத்தான் வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

விவாதப் பொருள்: டி.வி.க்குக் கீழே இருக்கும் வீடியோ கேம் கன்சோலை மாற்றியமைப்பதா, வேண்டாமா, மாற்றினால் எப்படி. வாங்கிய வாரமே தொடங்கிய விவாதம் மழை முடிந்து வெயில் வந்தும் தளரவில்லை. கணவருக்கு அதன் மின்விசிறிமேல் நம்பிக்கையில்லை. பெரிதாக ஒன்று பொருத்த வேண்டும். மகளுக்குக் கறுப்பு மூடி பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளிருப்பது தெரியும்படி கண்ணாடி மாதிரி மூடியும் நீல விளக்கும் வேண்டும். கொழுந்தனாருக்கு இந்த மேல்பூச்சு சீர்திருத்தங்களில் ஆர்வமில்லை. உள்ளே இருக்கும் மென்பொருளையே தூக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினால் உலகத்து விளையாட்டெல்லாம் இனாமாக வந்து குவியும் என்றார். அதற்குப் பெயர் திருட்டு இல்லையா சித்தப்பா என்று மகள் கேட்டாள். 'விடுதலை' என்று திருத்தினார்.

ஒருமுறை நான் புத்தியில்லாமல், இப்போது அதிலிருக்கும் விளையாட்டில் என்ன குறை என்று கேட்டுவிட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அதுவரை விளையாடிப் பார்த்திருக்கவில்லை.

"விளையாடுறதெல்லாம் கடைசி ஸ்டேஜ், அண்ணி," என்று கொழுந்தனார் பொறுமையாக விளக்கினார்.

நான் பின்தங்கியவள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, எந்த மேம்பாட்டுக்கும் காத்திருக்காமல், திருத்தப்படாத அந்தப் பெட்டியிலேயே கூச்சமின்றி விளையாடிக்கொண்டிருந்தேன். பெட்டியோடு சேர்ந்து வந்த விளையாட்டுதான். ஆளில்லாத ஒரு தீவு. மரம் வெட்டலாம், கல் சுமக்கலாம், வீடு கட்டலாம். முதல் சுவர் கோணலாக வந்தது. இடித்துவிட்டு மறுபடி எழுப்பினேன். கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்தேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அந்த விளையாட்டில் நானாக நடமாடும் இரட்டைப் பின்னல் பெண்ணை அதில் உட்காரவைத்துவிட்டு, எந்தப் பட்டனையும் அழுத்தாமல் நானும் உட்கார்ந்திருப்பேன். அலை வரும், போகும். என் சாக்ஸ் எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

இதை நான் மறைக்கவில்லை. பகலெல்லாம் என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்றைய கூட்டத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு ஏற்பட்டது. மூன்று மாற்றங்களும் செய்யப்படும். முதல் படி, உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் அழிப்பது. தட்டோடு வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கொழுந்தனார் கன்சோலை இயக்கினார். திரையில் என் கடல் வந்தது.

"இதுல யாரோ விளையாடியிருக்காங்க," என்றாள் மகள்.

உடனே விசாரணை தொடங்கியது. மகள் தானில்லை என்றாள். கணவர் தனக்கு அதற்கெல்லாம் நேரமேது என்றார். கொழுந்தனார், தான் கூட்டத்துக்கு மட்டுமே வந்துபோகிறவர் என்பதை நினைவூட்டினார். ஆக வீட்டில் யாருமில்லை. துளி ஓட்டையில்லாத இந்தத் தர்க்கத்தின் வழியே மூவரும் உண்மையைக் கண்டடைந்தார்கள்: யாரோ உபயோகித்துவிட்டுப் போட்ட பெட்டியைக் கடைக்காரர் புதிது என்று நம் தலையில் கட்டிவிட்டார்.

மூவரும் 'பழைய ஓனரின்' வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவர் நேர்த்தியாக இருக்கிறது என்று மகள் ஒப்புக்கொண்டாள். எனக்குக் காது சூடேறியது. கணவர் திரையில் தெரிந்த ஜன்னலருகே வந்து நின்றார்.

"ஒரே ஒரு சேர்தான் போட்டிருக்கான் பாரு. பாவம், குடும்பம் குட்டின்னு யாரும் இல்லாத ஆளு போல."

"அதான் இவ்வளவு டைம் கிடைச்சிருக்கு," என்றார் கொழுந்தனார்.

அந்த நாற்காலியில்தான் இரட்டைப் பின்னலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். குழுவின் கூரிய பார்வை நாற்காலியோடு நின்றுவிட்டது.

கொழுந்தனார் அழிப்பதற்கான பட்டனை அழுத்தினார். பெட்டி ஓடிபி கேட்டது. வாங்கும்போது கடையில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். விளம்பர அழைப்புகள் வந்து முக்கியமானவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதே. என் போன் சிணுங்கியது.

"நம்பர் சொல்லு," என்றார் தலைவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் தட்டை மேசைமேல் வைத்தேன். வழக்கம்போல மூன்று கோப்பைகள்.

"இன்னும் வரலையா?"

"வந்திருச்சுங்க. சொல்லலை."

அவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தர் உக்காந்து கட்டின வீடு," என்றேன். "அவங்களைக் கேக்காம அழிக்கறது சரியில்ல."

"அவங்களை எங்க போய்த் தேடறது, அண்ணி?"

"தேடுங்க."

எதையும் பிரித்துப் பார்க்காமல் ஓயாத மேதைகள் அல்லவா? நொடியில் செயலில் இறங்கினார்கள். பழைய ஓனரின் விலாசம் கேட்க மகள் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரரை எப்படி மடக்குவது என்று கொழுந்தனார் சொல்லிக்கொடுத்தார். கணவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். எட்டி எடுத்த கோப்பையின் சூடு என் கையில்கூடப் பட்டது.

"அந்த ஓடிபி டைம் முடியப் போகுது," என்றார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"முடியட்டுங்க," என்றேன்.