ஏழு முறை கறுத்துப்போன திரையைப் பற்றி மெர்லிண்டாவுக்கு

அன்பு மகள் மெர்லிண்டாவுக்கு,

ஓட்டனில் இருந்து உன் அப்பா தெலெஸ்போரோ சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு தொராய் எழுதுவது. தைவானில், தைச்சுங் குளிரில் நீயும் உன் விடுதிப் பெண்களும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னேன். "யாரு சுகம், மனோங்? ஒருத்தர் பேரச் சொல்லுங்க, எழுதுறேன்" என்கிறாள் தொராய், மனோங் என்று அண்ணன் முறை வேறு. ஆகவே அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு கேள்வி கேட்கிறாய். அதோடு உன் மகள் ரியாலின் காதில் விழும். லீவில் வந்த நெஸ்டர் நாளைக்கு அங்கே திரும்ப விமானம் ஏறுகிறான். இந்தக் கடிதம் அவன் சட்டைப்பையில் வரும். அவன் கைப்பையில், நீ அனுப்பிய கிராபிக்ஸ் கார்டும் திரும்பி வரும். ஆமாம், திருப்பித்தான் அனுப்புகிறேன். சோப்புக்கும் டின் இறைச்சிக்கும் நடுவில் உன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி நீ அனுப்பி வைத்தாயே, அந்தக் கறுப்புச் சனியன்தான்.

நீ போட்ட நிபந்தனை எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. போன மாதம் பதினோராம் தேதி, நான் உலர்மீன் பொரித்துக்கொண்டிருந்தேன், நீ சொன்னாய்: "இந்த லீக்ல அவ டீம் தேறி மணிலாக்காரங்க எடுத்துக்கிட்டா அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா இருபத்தெட்டாம் தேதி விமானம். எங்க ஃபேக்டரியில எடம் சொல்லி வெச்சுட்டேன், அப்பா. இருபத்திரண்டு வயசுல விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு?" அவளும் சரி என்று தலையாட்டினாள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. இதை அழுத்தி எழுது தொராய் என்றேன். அழுத்தி எழுதியிருக்கிறாளாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறாளாம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் இந்தக் கொடுமை.

ஆனால் நினைவு இருக்கிறது. குயிமராஸ் படகில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். எந்த மணல்திட்டு எந்த மாதம் எங்கே நகரும் என்று தாளைப் பார்த்தா சொன்னேன்? அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், கேள்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டி நம் பீடத்து மேசையில் இரண்டு வருடம் இருந்தது, ஒரு நாள் தும்மினது கிடையாது. அதன் தலைமேல் மரச்சிலையாக நம் நின்யோ நின்றார். குழந்தை இயேசுவைவிட உயரமாக வீட்டில் எதுவும் நிற்கக் கூடாது என்று உன் அம்மா வைத்த முறை அது. நீ அனுப்பிய கார்டு பழைய பெட்டிக்குள் நுழையவில்லை. அதனால் சந்தையில் மீன்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற ஓகிங், புதுப் பெட்டி, புது பவர் சப்ளை, புது விண்டோஸ் என்று எல்லாவற்றையும் மாற்றினான். புதுப் பெட்டி என் இடுப்பு உயரம். தலையில் சல்லடை மாதிரி ஓட்டை. நான் நின்யோவைத் தூக்கிக்கொண்டு போனால் ரியாலின் கத்துகிறாள், "லோலோ, அங்க வேணாம், விழுந்துடுவாரு! ரூம் அலமாரியில வைங்க." அலமாரியில்! என் பனியனுக்குப் பக்கத்தில்! சரி சரி என்றேன். பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் பீடத்தில், திரை ஜன்னலோரம். அவள் காதில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டி ஆட்டத்தில் இறங்கிய பிறகு, உன் அம்மா பின்னிய துணியை ஓட்டைகளின் மேல் விரித்து, அதன்மேல் அவரை மெதுவாக வைத்துவிடுவேன். வீட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா?

முதல் கறுப்பு, திங்கட்கிழமை. மதியம் பயறும் பன்றிக்காலும் சாப்பிட்டோம். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் கோட்டை காக்கிற ஆட்டம், உனக்குத் தெரியும். இருபது நிமிடம் ஓடியது. திரை கறுத்தது. பிறகு ஒரு பெட்டி எழுந்தது, அவள் வாய்விட்டுப் படித்தாள், அன்றிலிருந்து எனக்கு அது ஜெபம் மாதிரி மனப்பாடம்: காட்சி டிரைவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது, பிறகு மீண்டுவிட்டது. மீண்டது திரை மட்டும்தான், ஆட்டம் மீளவில்லை. அடுத்து அவள் வாயில் வந்த வார்த்தைகளை தொராய் எழுத மறுக்கிறாள். நான் நின்யோவை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அந்த மாதிரி பேச்சு குழந்தை காதில் விழலாமா? ஏழு கறுப்புக்கும் ஏழு முறை இப்படித்தான் ஓடினேன், ஒரு கெட்ட வார்த்தையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை என்பதில் எனக்குத் திருப்தி உண்டு.

ஓகிங் வந்தான். "டிரைவர்தான் பிரச்சனை, லோலோ" என்றான். டிரைவர் என்றால் என்னடா என்றேன். ஏதேதோ சொன்னான், கடைசியில் எனக்கு நானே புரிந்துகொண்டேன். நம் பெரிய படகில் வழி பார்ப்பவன் முன்னால் நிற்பான், எஞ்சின்காரன் பின்னால் குழிக்குள் இருப்பான், முன்னவன் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் வேகம், இரண்டு தரம் இழுத்தால் நிறுத்து. அந்தக் கயிறுதான் டிரைவர். விண்டோஸ் இழுக்கிறது, கார்டுக்குக் கேட்கவில்லை. "அடேயப்பா, என்னைவிட நல்லாச் சொல்றீங்க" என்று பழைய கயிற்றை வேரோடு பிடுங்கி, இன்டர்நெட்டைத் துண்டித்து, புதுக் கயிறு கட்டினான். மாலைவரை அவனே உட்கார்ந்து ஆடிக் காட்டினான். ஒரு குறையும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். மறுநாள் ரியாலின் ஆடினாள், இருபத்திரண்டாம் நிமிடம் கறுப்பு.

திரும்ப வந்தான். புதுக் கயிறு சரியில்லை, ஆறு மாதப் பழசுதான் நல்லது என்று அதைக் கட்டினான். அவன் இருக்கும்வரை ஓடியது, போனதும் கறுத்தது. கார்டைக் கழற்றி அதன் மஞ்சள் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தான். அவன் இருக்கும்வரை ஓடியது, போனதும் கறுத்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்ல, கை வெச்சுப் பாருங்க, பச்சத்தண்ணி மாதிரி இருக்கு" என்றான். தொட்டேன், உண்மைதான். "பின்னே ஏண்டா உன்னக் கண்டா மட்டும் ஒழுங்கா ஓடுது?" என்றேன். "பயம், லோலோ" என்கிறான். கார்டுக்கு அவனிடம் பயமாம்! எனக்குச் சந்தேகம், தினமும் கூப்பிட வேண்டும் என்று அவனே ஏதோ செய்துவிட்டுப் போகிறான்.

இல்லாவிட்டால் தொராயின் ஐஸ்பெட்டி. இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது! புதன்கிழமை நடந்ததை மறைக்க முடியுமா? அன்று நின்யோவை உடை மாற்றக் கோயிலுக்குக் கொடுத்திருந்தேன். காவல் இல்லாத வீடு, இன்றைக்கு வெடித்தே விடும் என்று வாசலில் வாளியில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம் ஆடினாள், திரை கண்ணிமைக்கவில்லை. ஏன்? அன்றுதான் தொராய் ஐஸ்பெட்டியை அணைத்துக் கழுவினாள். என் கண்ணால் பார்த்தேன். ஆக அந்த ஐஸ்பெட்டிதான் தெருவின் கரண்டையெல்லாம் உறிஞ்சுகிறது. "என் ஐஸ்பெட்டி பதினாலு வருசமா ஓடுது மனோங், நேத்துதான் வாங்குன மாதிரி பேசுறீங்க" என்கிறாள். நான் சண்டைக்குப் போகவில்லை. சிவப்பு வெல்வெட்டில் தங்கக்கரை போட்ட கனமான மேலங்கி ஒன்றை நின்யோவுக்குத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான், அதற்கு நன்றி உண்டு. ஆனால் ஐஸ்பெட்டி ஐஸ்பெட்டிதான்.

நேற்று சனிக்கிழமை, தேர்வுச் சுற்று. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். யாராவது பாதியில் விழுந்து பத்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டம் போச்சு. புது மேலங்கியோடு நின்யோவை வைத்தேன், அது பீடம்வரை தொங்க, ராஜா மாதிரி பெட்டியையே மூடிக்கொண்டு நின்றார். எனக்கே கண் கலங்கியது. ஒன்பதாம் நிமிடம் கறுப்பு! இருபது கூட இல்லை, ஒன்பது! இரண்டு தடவை எழுப்பினாள், நானும் அவரைத் திரும்ப ஏற்றினேன், இரண்டு தடவையும் விழுந்தது, பத்து நிமிடம் தாண்டியதும் ஆட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மற்ற நாலு பெண்களும் ஹெட்போனில் அழுதது எனக்கு வெளியே கேட்டது.

இன்று மூன்று மணிக்கு மீதி இரண்டு. இரண்டையும் ஜெயிக்க வேண்டும். ரியாலின் காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவள் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள், வெறுமனே பார்க்கிறாள். மெர்லிண்டா, இது அவள் தோல்வி அல்ல. தோற்றது உன் கார்டு, ஓகிங்கின் கை, தொராயின் ஐஸ்பெட்டி. இந்த மூன்றுக்காக ஒரு பெண்ணை விமானத்தில் ஏற்றுவதா? ஒரு மாதம் தள்ளிப்போடு. நான் எந்தப் பக்கமும் சாயவில்லை, ஆனால் தள்ளிப்போடு. வீட்டில் அவள் திட்டுகிற சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பதற்காகச் சொல்லவில்லை.

உனக்கும் உன்னோடு வேலை செய்யும் எல்லோருக்கும் ஆண்டவர் கை நீண்டிருக்கட்டும். கால் வலிக்குத் தேங்காயெண்ணெய் தடவு. உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் அப்பா,

தெலெஸ்போரோ (கட்டைவிரல் ரேகை)

பின்குறிப்பு: நெஸ்டரிடம் கார்டைக் கொடுக்கவில்லை. அவன் வந்தால் கார்டு எங்கே என்று கேட்காதே. மேலே எழுதிய எதையும் நம்பாதே.

நடந்தது இது. மூன்று மணி. தொராய், ஐஸ்பெட்டியை அணைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள், "இப்ப பாக்கலாம், மனோங்" என்று. ஓகிங்கும் வந்தான். ஆட்டம் தொடங்கி எல்லோர் கண்ணும் திரையில் பதிந்ததும் நான் வழக்கம்போல நின்யோவை ஏற்றினேன். பன்னிரண்டாம் நிமிடம் கறுப்பு. ஐஸ்பெட்டி அணைந்திருக்கிறது, ஓகிங் கூடவே இருக்கிறான், கறுப்பு! நான் ஓடத் தயாராக நின்றேன். ஆனால் ரியாலின் திட்டவில்லை. முதல்முறையாக ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே, "லோலோ, அம்மாகிட்ட சொல்லிடுங்க, நான் வரேன்னு" என்றாள்.

திட்டாதபோது சமையலறைக்கு எதற்கு ஓடுவது? நின்யோவைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வேண்டினேன். மெர்லிண்டா, அப்போதுதான் இறக்கிய சோற்றுப்பானையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பாதம் சுடுகிறது, பின்னிய துணி சுடுகிறது, வெல்வெட் ஆவி விடுகிறது. சல்லடை ஓட்டை வழியாக என் முகத்தில் அனல் அடித்தது, எஞ்சின் குழியைத் திறந்தால் அடிக்குமே, அதே அனல். முப்பத்தொரு வருடம் அந்தக் குழியின் மூடியில் யாரையும் உட்கார விடாமல் விரட்டியவன் நான். கணக்காக எட்டுக் கறுப்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எட்டிலும் பயறு வேறு, மீன் வேறு, கயிறு வேறு. திரை ஒழுங்காக ஓடியபோதெல்லாம் நின்யோ அதன்மேல் இல்லை: ஓகிங் வேலை பார்த்த நேரம் சமையலறையில், புதன்கிழமை கோயிலில். மாறாமல் இருந்தது நான் ஒருவன்தான். அவளைப் பிரியக் கூடாது என்று வேண்டி வேண்டி, என் இரண்டு கையாலும் அவளை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எழுப்பு! எழுப்பு! இனிமே விழாது!" என்று கத்தினேன். விழுந்த எட்டாம் நிமிடம் திரும்ப உள்ளே நுழைந்துவிட்டாள். கோட்டையை நாலு பெண்களும் ஒற்றைக் கோபுரத்தோடு பிடித்து வைத்திருந்தார்கள். நான் நின்யோவைத் தரையில் வைக்கப் பயந்து, அலமாரிக்குப் போக நேரமில்லாமல், நெஞ்சோடு பிடித்தபடியே நின்றேன். அந்த ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்தது நாற்பத்தேழு நிமிடம். திரை ஒருமுறைகூட கண் மூடவில்லை. அதையும் ஜெயித்தார்கள். மணிலாவிலிருந்து போன் வந்துவிட்டது. ஒப்பந்தம் ஒரு வருடம், இங்கிருந்தே ஆடலாமாம், உன் வார்த்தையை நீ காப்பாற்று.

கார்டு தங்கம். ஓகிங் கை தங்கம், அவனுக்கு ஒரு கிண்ணம் பாட்சோய் சூப் வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. தொராயின் ஐஸ்பெட்டியைப் பற்றி எழுதியதை அடித்துவிடு என்றேன். "அடிக்க மாட்டேன், அவ படிக்கட்டும்" என்கிறாள். இதை எழுதும்போது சிரித்துச் சிரித்து அவள் கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ரியாலினிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, நின்யோ காலையும் முத்தமிட்டு, "லோலோ, நீங்க அவரத் தூக்கிப் பிடிச்சதும்தான் நின்னுச்சு. இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே மாதிரி என் பின்னாடி நிக்கணும், எறக்கவே கூடாது" என்றாள். நான் தலையாட்டிவிட்டேன். லீக் அடுத்த மாதம் தொடங்குகிறது, வாரம் நாலு நாள். நீ மட்டும் வாயைத் திறக்காதே. அடுத்த பெட்டியில் சோப்பு வேண்டாம், டின் இறைச்சி வேண்டாம். கைக்கு அடக்கமாக, லேசாக, மேலங்கி இல்லாத ஒரு நின்யோ கிடைத்தால் அனுப்பு. நம்முடையவர் கட்டை மரம், மூன்று கிலோ.