விழுந்துபடு அண்ணை துவக்குப் பிடித்த கதை

டென்மார்க் தேசத்திலேயே விழுந்துபடு அண்ணையைவிட வேகமாகத் தரையைத் தொடக்கூடிய மனிதர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிரெடெரிசியாவில் எங்கள் தெருவில் யாராவது ஒரு பேப்பர் பையை ஊதி உடைத்தால், அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு வருமுன்பே அண்ணை நிலத்தில் கிடப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது.

யாழ்ப்பாணத்தில் குண்டு போடுகிற விமானம் தலைக்கு மேலே வந்தால் "விழுந்து படுங்கோ!" என்று ஒருவர் கத்துவார், எல்லோரும் குப்புற விழுவோம். நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்றே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். அண்ணை மட்டும் அதைப் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டார். தனியே விழுகிற ஆளும் இல்லை. பக்கத்தில் நிற்பவரை இழுத்து விழுத்தி, அவருக்கு மேலே தான் கவிழ்ந்து படுத்துக்கொள்வார். ஒரு பிறந்தநாள் வீட்டில் பலூன் வெடித்தபோது, கேக் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் கேக்கோடு சேர்ந்து விழுந்தார். நானும் அண்ணையும் வேலை செய்கிற தொழிற்சாலையின் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விருந்தில் சாம்பெய்ன் போத்தலின் மூடி பறந்தது. எங்கள் மேலாளர் ஓலே, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், மேசைக்குக் கீழே அண்ணைக்கு அடியில் கிடந்தார். அதைத் தமிழரின் நத்தார் வழக்கம் என்று நினைத்துக்கொண்ட ஓலே, அடுத்த வருடம் மூடி பறந்ததும் ஒருவரும் கேட்காமலே தானாக மேசைக்குக் கீழே போனார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள். பிரெடெரிசியா பழைய கோட்டை ஊர். எந்தக் காலத்திலோ வென்ற ஒரு சண்டைக்காக ஒவ்வொரு ஜூலையும் ஊரே திரண்டு ஊர்வலம் போகும், பீரங்கி முழங்கும். அன்று விடிந்ததும் அண்ணை ரயிலேறி ஓகூஸ் நகரத்துக்குப் போய்விடுவார். அங்கே துறைமுகத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு பாண் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்புவார்.

அதில் ஒரு சிக்கல். அவருடைய ஒரே மகள் சர்மி அந்த ஊர்வலத்தில் மேளம் அடிக்கிறவள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் கையுறை, உயரத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு அவள் போகிற அழகை ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, பெற்ற தகப்பன் பார்த்ததில்லை. 2009 அவளுக்குக் கடைசி ஊர்வலம். அதற்குப் பிறகு படிக்கக் கோப்பன்ஹேகன் போகிறாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை அவள். "ஃபார், நீங்கள் வரமாட்டீர்கள்தானே. பரவாயில்லை," என்று சொல்லிவிட்டாள். ஃபார் என்றால் அப்பா. அந்தப் 'பரவாயில்லை' அண்ணையைப் போட்டு வாட்டிவிட்டது.

ஓலேதான் வைத்தியம் சொன்னார். "சத்தம் மற்றவன் கையில் இருக்கிறவரைக்கும்தான் பயம். அதை உன் கையில் எடு. வேட்டை உரிமத்துக்குப் பழகு."

டென்மார்க்கில் துவக்கை, துப்பாக்கியைத்தான் சொல்கிறேன், தொடுவது லேசான காரியமில்லை. வகுப்புக்குப் போகவேண்டும், மிருகங்களையும் பறவைகளையும் சட்டத்தையும் படித்து எழுத்துச் சோதனை எழுதவேண்டும், அதற்குப் பிறகு பரிசோதகர் முன்னால் துவக்குப் பிடித்துச் சுட்டுக் காட்டவேண்டும். அண்ணை படிப்பில் விழுந்தார் பாருங்கள், குளத்தில் மிதக்கிற வாத்தெல்லாம் அவரைக் கண்டால் பயந்தது. ஒவ்வொன்றையும் கைநீட்டி டெனிஷில் பெயர் சொல்லுவார். அவருடைய மனைவி மலர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, தாராவுக்கெல்லாம் பேர் தெரியுது. என்ரை தமையன்ரை பிள்ளையளின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்?"

"அவையள் சோதினைக்கு வரமாட்டினம்," என்றார் அண்ணை.

எழுத்துச் சோதனையைத் தாண்டிவிட்டார். வேகமாகப் பேசுகிற டெனிஷ் பிடிபடாது என்று, சுடுகிற பயிற்சிக்கு மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழக்குகிறவர் பெரிய தாடிக்காரர். முதல் நாள் பக்கத்துத் திடலில் யாரோ துவக்கால் ஒரு வெடி வைத்தான். அடுத்த நொடி நான், தாடிக்காரர், அண்ணை மூவரும் ஈரப் புல்லில் அடுக்காகக் கிடந்தோம்.

"காதுமூடி போட்டிருக்கிறியள்தானே அண்ணை?" என்றேன் அடியிலிருந்து.

"காதாலை வரேல்லை தம்பி. காலாலை ஏறுது."

தாடிக்காரர் தாடியில் ஒட்டிய புல்லை எடுத்தபடி சொன்னார்: "இன்றைக்குத் துவக்கில் தோட்டா இல்லை, தப்பினாய். சோதனையில் துவக்கோடு நிலத்தில் விழுந்தால் அந்த இடத்திலேயே வீட்டுக்குத்தான்."

இரண்டாம் நாள்தான் அந்தக் கூத்து. சுடுகிற ஆள் தயார் என்றால் களிமண் தட்டு ஒன்றை ஆகாயத்தில் எறிவார்கள், அதை உடைக்கவேண்டும். தாடிக்காரர் "கிளார்?" என்றார். தயாரா என்று அர்த்தம். "ஓம்," என்றார் அண்ணை, ஊரில் 'ஆம்' என்பதற்கு நாங்கள் சொல்கிற மாதிரி. தட்டை எறியச் சைகை காட்டத் தூக்கிய கையைத் தாடிக்காரர் இறக்கிவிட்டார். தோட்டாவை எடுக்கச் சொன்னார், துவக்கைத் திறந்து காட்டச் சொன்னார், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். திரும்பவும் "கிளார்?" திரும்பவும் "ஓம்." திரும்பவும் முதலிலிருந்து. காலை முழுவதும் இப்படியே போனது, ஒரு தட்டுக்கூடப் பறக்கவில்லை. அண்ணைக்கு வியர்த்துக் கொட்டியது. "இவன் என்னை வேணுமெண்டு வதைக்கிறான் தம்பி!"

எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. டெனிஷிலும் 'ஓம்' இருக்கிறது. அங்கே அதற்கு 'திரும்பவும்' என்று அர்த்தம். "ஓம் வேண்டாம் அண்ணை, யா எண்டு சொல்லுங்கோ," என்று விளக்கிவிட்டு, நான் புல்லில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தேன். தாடிக்காரரோ என்னிடம் ரகசியமாக, "இவ்வளவு கவனமான மாணவனை நான் கண்டதேயில்லை," என்றார்.

பிறகு மே மாதம் வந்தது. அதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. இலங்கையில் போர் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. எங்கள் வீடுகளில் எல்லோரும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். அண்ணையின் தம்பி குடும்பம் கடைசிச் சண்டை நடந்த வன்னியில். அவர்கள் உயிரோடு முகாமில் இருக்கிறார்கள் என்ற செய்தி வரும்வரை அண்ணை பயிற்சிப் பக்கமே போகவில்லை. செய்தி வந்த மறுநாள் என் வீட்டு மணியை அடித்தார். கையில் காதுமூடி.

வழியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மறித்தார். "அங்கை வெடியாலை சனம் பட்ட பாடு காணாதெண்டு நீர் இஞ்சை வெடி பழகப் போறீரோ? வெக்கமில்லையோ காணும்?"

அண்ணை கோபிக்கவில்லை. "சண்டை முடிஞ்சுது எண்டு எல்லாரும் சொல்லுகினம் ஐயா. என்ரை முழங்காலுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் சொல்லிப்போட்டு வரப் போறன்," என்றார். பெரியவர் ஒதுங்கி வழி விட்டார்.

ஜூன் மாதம் சோதனை. பரிசோதகர் கட்டையான தலைமயிர் வெட்டிய ஒரு குள்ளமான அம்மா. சிரிப்பு என்ற சாமானை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பார்வையாளருக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நான் நின்றேன். அண்ணை துவக்கோடு முன்னால் வந்தார்.

"கிளார்?"

"ஓம்!"

போச்சு என்று தலையில் கை வைத்தேன். அம்மா புருவத்தை உயர்த்தினார். சரி, திரும்பவும். தோட்டா வெளியே, துவக்குத் திறப்பு, எல்லாம் முதலிலிருந்து. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் திடலில் ஒரு வெடி. அண்ணையின் முழங்கால் லேசாக மடிந்தது, உட்காரலாமா என்று யோசிக்கிற ஆளைப்போல. பிறகு நிமிர்ந்தது. "கிளார்?" "ஓம்." ஐயோ! திரும்பவும் முதலிலிருந்து, திரும்பவும் பக்கத்தில் வெடி. இந்த முறை முழங்கால் மடியவில்லை. கதைக்கும்போது யாரோ குறுக்கே பேசியதைப்போல அந்தப் பக்கம் முறைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

"கிளார்?"

"யா!" என்று அண்ணை போட்ட சத்தத்தில் தட்டு எறிகிறவனே திடுக்கிட்டான். தட்டு பறந்தது. வெடி. தட்டு தூள்! இன்னொன்று, தூள்! சிலது தப்பித்தான் போயின, ஆனாலும் தேறுவதற்கு வேண்டியது உடைந்துவிட்டது. கயிற்றைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் இல்லாவிட்டால் நான் ஓடிப்போய் அந்த அம்மாவையே தூக்கியிருப்பேன்.

காரில் கேட்டேன். "அண்ணை, அந்த ஓம் தெரியாமல் வந்ததோ, தெரிஞ்சு சொன்னதோ?"

"முதலாவது வாய் தவறினது. ரெண்டாவது தெரிஞ்சுதான் சொன்னனான். கால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுது தம்பி."

உரிமம் கையில் கிடைத்தது. இன்றுவரை அவர் சொந்தமாக ஒரு துவக்கு வாங்கவில்லை. ஓலேயோடு ஒருமுறை காட்டுக்குப் போய், எதிரே வந்த பறவையின் பெயரைப் பிழையில்லாமல் டெனிஷில் சொல்லி அதைச் சுடாமலே அனுப்பிவைத்துவிட்டு வந்தார்.

ஆனால் அந்த ஜூலை! அண்ணை கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுக்கி, ஊர்வலத் தெருவில் முன்வரிசையில் நின்றார். மலர் அக்கா ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே தலையணை.

"இதென்னத்துக்கு அக்கா?"

"விழுந்தால் நோகாமல் விழட்டும்."

தூரத்தில் மேளம் கேட்டது. அண்ணை என் கையைப் பிடித்தார். சிவப்புச் சட்டைகள் திருப்பத்தில் தெரிந்தபோது பீரங்கி முழங்கியது. சும்மா இல்லை, கடை யன்னல்கள் அதிர, கூரைப் புறாக்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. அவருடைய பிடியில் என் விரல்கள் நொறுங்கின. அண்ணை நின்றார். இன்னொரு முழக்கம். நின்றார். கண் மட்டும் மேளக்காரியை விட்டு அசையவில்லை.

அணியில் போகிறவர்கள் நேரே பார்த்துத்தான் நடக்கவேண்டும். சர்மி எங்களைக் கண்டாள். ஒரு அடி தவறியது, மேளக்குச்சி அந்தரத்தில் நின்றது.

"ஃபார்!" என்று கத்தினாள், சட்டமாவது மண்ணாவது.

"நிக்கிறன் பிள்ளை!" என்று அண்ணை தெருவே கேட்கக் கத்தினார். "நிக்கிறன்!"

மறுநாள் வேலையில் என் கை வீங்கியிருந்ததைக் கண்ட ஓலே, எந்த மெஷினில் மாட்டியது என்று பதறிப்போய்க் கேட்டார். வலி போக ஒரு கிழமை எடுத்தது. போனபோது, உண்மையைச் சொன்னால், அண்ணை நின்றதற்கு இருந்த அடையாளமும் போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.