ஒரு வெட்டுக்கோடும் இருபத்திரண்டு கையெழுத்துகளும்

பூம்ப்ளிஸ், பேர்ண்
02.11.2019

பெருமதிப்புக்குரிய மச்சான் சண்முகநாதன் அவர்களுக்கு,

ஜெனீவாவில் தாங்களும் தங்கள் துணைவி தங்கச்சி ஜெயமலரும் தங்கள் மகள், என் மருமகள் ரிஷானியும் தடிமன், காய்ச்சல் ஏதுமின்றி இருப்பீர்களென நம்புகிறேன். இங்கே என் சுகத்துக்குக் குறைவில்லை. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கடந்த ஒரு வருடமாக என் காது, தொண்டை, ஈரல், முழங்கால் யாவும் கிழமைக்கு இரண்டு தரம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

சோதிப்பவர் என் மனைவி, தங்கள் தங்கை. இருபது வருடம் ஆஸ்பத்திரித் தாதியாக நின்ற ஜெயகௌரி, இப்போது குடும்ப வைத்தியத்துக்கான விசேட தாதியாவதற்குப் பட்டத்துக்குப் பிந்திய சான்றிதழ்ப் படிப்புப் படிக்கிறா என்பது தங்களுக்குக் காற்றுவாக்கிலாவது எட்டியிருக்கும். முடித்தா என்றால் குடும்ப டொக்டரின் கிளினிக்கில தனக்கென்று ஓர் அறை, கதவிலே பெயர். சீனி வருத்தக்காரரையும் பிறஷர்க்காரரையும் அவவே இருத்திப் பார்த்து, சோதிச்சு, மருந்தைப் பற்றி டொக்டரோட சரிக்குச் சரி நின்று கதைக்கலாம். எனக்கிருக்கிற புழுகம், பெருமை சொல்லி முடியாது. கோயில்ல ஆரும் 'சுகமோ' என்று கேட்டால், நான் படிப்பின்ர பெயரைத்தான் முதல் சொல்லுறன். இப்ப என்னைக் கண்டால் சனம் செருப்பைத் தேடுகிற சாட்டில குனியுதுகள்.

இனி விசயத்துக்கு வாறன். கடைசிச் சோதனை இந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதி. ஒரு குடும்பத்தை எடுத்து, மூன்று தலைமுறையையும் படமாகக் கீறி, ஆருக்கு என்ன வருத்தம், ஆர் ஆரோட ஒட்டு, ஆர் ஆரோட கொழுவல் என்று மூன்று பேருக்கு முன்னால விளங்கப்படுத்த வேணும். ஆம்பிளை சதுரம், பொம்பிளை வட்டம். ஒட்டான ஆக்களுக்கு நடுவில இரட்டைக்கோடு, கொழுவல்காரருக்கு நெளிகோடு, கதைபேச்சு இல்லாதவைக்குக் கோட்டை நடுவில வெட்டி விடோணும். மச்சான், முப்பது வருசமாக நான் சேர்த்து வைச்ச ஊர்க்கதைக்கு ஒரு படிப்பில இடமிருக்கெண்டு இவ்வளவு நாளும் எனக்கொருத்தரும் சொல்லேல்லையே. அவவோட படிக்கிற சுவிஸ்காரி ஒருத்தி நாலு சதுரம், மூன்று வட்டம், ஒரு நாயோட ஒரே தாளில முடிச்சிட்டாவாம். எங்கட குடும்பத்துக்கு ஆறு தாள் ஒட்டவேண்டி வந்தது. சூரிச் இராஜசிங்கம் அண்ணை சொந்த மச்சாளைக் கட்டினபடியால், அவரிட்டயிருந்து புறப்பட்ட கோடு முழுத் தாளையும் சுத்திக்கொண்டு திரும்ப அவரின்ர சதுரத்திலயே வந்து முட்டுது.

கௌரி சதுரமும் வட்டமும் போட்டு முடிச்சு, கோடுகளைப் பென்சிலால மெல்லிசாகக் கீறி வைச்சிட்டு வேலைக்குப் போனா. தொடாதேங்கோ எண்டுதான் சொல்லிப் போனவ. நான் தொடாமல் விடுவனோ? விட்ட இடமெல்லாம் நிரப்பினன். அந்த நேரம் பார்த்து, ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டுவந்த உங்கட ஒன்றுவிட்ட தங்கச்சி யசோதரா மச்சாள், இதென்ன கோலமோ எண்டு கேட்டா. நானும் பெருமையில ஒவ்வொரு கோடாக விளங்கப்படுத்தினன். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள அவ படமெடுத்து, எங்கட குடும்ப வட்ஸ்அப்பில போட்டு முடிச்சிட்டா.

பிறகு பட்ட பாட்டைக் கேளுங்கோ. இராஜசிங்கம் அண்ணை, 'உனக்கு விசா அலுவலுக்கு அலைஞ்சவன் நான், எனக்கு ஒற்றைக்கோடோ?' எண்டார். கஜலக்சுமி மாமிக்கு, தன்ர ஓர்ப்படியாளோட நெளிகோடு போட்டது பிரச்சினையில்லை. மற்றவையின்ர நெளிவைவிட தன்ரது சின்னனாக இருக்காம், கொஞ்சம் பெருப்பிக்கட்டாம். இன்னும் ரெண்டு பேர் தங்களுக்கு இரட்டைக்கோடு கீறினதைப் பார்த்திட்டு, நாங்கள் அவ்வளவு ஒட்டில்லை, அழியுங்கோ எண்டு தனித்தனியாக எடுத்துச் சொல்லிச்சினம். நீங்களோ? பின்னேரம் நாலு மணிக்குக் குழுவை விட்டு வெளியேறினீங்கள்.

நடந்ததைச் சொல்லிப்போடுறன் மச்சான். உங்கட சதுரத்துக்கும் கௌரியின்ர வட்டத்துக்கும் நடுவில அவ ஒரு கோடும் கீறேல்லை. பென்சிலை வைச்சு எடுத்த புள்ளி மட்டும் இருந்தது. வெட்டுக்கோடு போட்டது நான். ரிஷானி பெரியபிள்ளையாகி சாமத்தியவீடு நடந்து மூன்று வருசமாகக் கதை இல்லைத்தானே, பின்னை என்னத்தைப் போடுறது எண்டு நினைச்சன். அண்டைக்கு ஆஸ்பத்திரி வாட்டில ஒரு ஆள் வராததால கௌரியை நேரத்துக்கு விடேல்லை. ரயிலேறி ஜெனீவாவுக்கு வந்து சேர, மாமி வார்க்கவேண்டிய முதல் தண்ணியை யசோதரா வார்த்து முடிச்சிட்டா. நீங்கள் சபைக்கு நடுவில, 'உனக்கு வேலைதான் பெரிசோ' எண்டு கேட்டீங்கள். அவ சாப்பிடாமல் திரும்பி வந்திட்டா. சாப்பிடாமல் போனது பிழைதான். நான் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான். அதை அவ இண்டைக்கும் சொல்லிக்காட்டுறா.

வேலையால வந்து படத்தைப் பார்த்தவ, எனக்கு ஏசுவா எண்டு நினைச்சன். அந்த வெட்டில விரலை வைச்சுத் தேய்ச்சுப் பார்த்திட்டு, "இதைப் பேனையாலயோ கீறினீங்கள்?" எண்டு மட்டும் கேட்டா.

அதுக்குப் பிறகு நான் சும்மா இருக்கேலுமோ? ஆக்களின்ர சம்மதம் இல்லாமல் இதைச் சோதனையில காட்டேலாதெண்டு அவ முந்தி ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. சமையலறை மேசையில சம்மதப் பத்திரமும் கிடந்தது. அவவுக்குச் சொல்லாமலே கொப்பி எடுத்து, உறவு இருபத்துமூன்று பேருக்கும் தபாலில அனுப்பினன். இருபத்திரண்டு பேர் கையெழுத்து வைச்சு அனுப்பிச்சினம். உங்கடதுதான் வரேல்லை. அது வராட்டில் இந்தப் படத்தைக் கிழிச்சுப்போட்டு அவ வேறொரு குடும்பம் தேட வேணும். அடுத்த வகுப்பு வரும்வரைக்கும் காத்திருக்க வேணும். என்னில உள்ள கோவத்தை அவவின்ர படிப்பில காட்டாதேங்கோ. கையெழுத்தை வைச்சு அனுப்புங்கோ மச்சான். ஏலுமெண்டால் நேரிலயே கொண்டுவந்து தாங்கோ. இந்த முறை சாப்பிடாமல் ஒருத்தரையும் போக விடமாட்டன்.

தங்கச்சிக்கு என் அன்பையும், மருமகளுக்கு மாமாவின் ஆசியையும் சொல்லவும். முழங்கால்கள் இரண்டும் சரியாக வேலை செய்வதாகச் சான்றிதழ் பெற்ற,

தங்கள் மச்சான்
ஸ்ரீஸ்கந்தராஜா

பி.கு: கடித உறையை ஒட்டுறதுக்குள்ள கௌரி வந்திட்டா. கையில இருந்ததைப் பறிச்சு முழுக்க வாசிச்சா. சோதனையில பெயர் ஒண்டும் வராதாம், வெறும் எழுத்துகள்தானாம். அவ பேட்டி எடுத்த ஒராளின்ர சம்மதம் போதுமாம். அந்த ஒராள் நானாம். அப்ப நான் அனுப்பினது என்ன எண்டு கேட்டன். அது கிளினிக்கால தமிழில மொழிபெயர்க்கத் தந்துவிட்ட பத்திரமாம், காய்ச்சல் தடுப்பூசி போடுறதுக்குச் சம்மதம். எங்கட சனம் ஜெர்மன் பாசையில வந்த பத்திரமெண்டால் வாசிக்காமலே கையெழுத்து வைக்கும்; இனி இருபத்திரண்டு பேருக்கும் நானே விளங்கப்படுத்த வேணும். கௌரி சிரிக்கேல்லை. "அப்ப அண்ணை கையெழுத்து வைக்காதது கோவத்தில இல்லையோ?" எண்டு கேட்டா. ஜெனீவாவில இருக்கிற மனிசன் பிரெஞ்சுதானே வாசிப்பார் எண்டு சொன்னன். இப்ப போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போயிட்டா, கதவையும் சாத்திப்போட்டா. கண்ணாடிக்குள்ளால பார்க்கிறன், மூன்று வருசமாக எடுக்காத நம்பரைப் பார்க்காமலே அமத்துறா. மச்சான், அவ கேட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தை வாசிக்கேல்லை, சரியோ?