சித்தி வீட்டை அறுத்த கதை

ஒரு வீட்டை ரம்பத்தால் அறுத்தவன் நான். எதிரி வீடு என்றாலாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் அறுத்தது சொந்தச் சித்தியின் வீட்டை.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், மிராசுதார் மனையில், அப்பாவும் அவர் தம்பியும் ஒட்டினாற்போல் கட்டிய இரண்டு வீடுகள். நடுவில் முகடு வரைக்கும் ஒரே மண்சுவர். இந்தப் பக்கம் ஒரு வாசல், ஓர் அடுப்பு. அந்தப் பக்கமும் அப்படியே. மேலே மட்டும் கூரையைத் தாங்க இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளப் பனைமர வளை, அதன்மேல் கீற்று. சித்தப்பா இறந்தபின் சித்தி இரண்டு பெண்களோடு அங்கேதான் இருந்தார்.

குடியிருப்பவருக்கே மனைப்பட்டா என்று கழக ஆட்சி சட்டம் போட்ட சமயம் அது. ஒரே வளை என்றால் ஒரே வீடு, ஒரு வீட்டுக்கான மனை போக மிச்சம் மிராசுக்கே என்று மிராசுதாரின் காரியஸ்தர் மனுக் கொடுத்துவிட்டார். அந்த மிச்சம், சித்தி குடியிருந்த பாதி.

எங்கள் தெருவில் பி.யூ.சி. படித்தவன் நான் ஒருவன்தான். (தேறியதாகச் சொல்லவில்லை.) வளையை இரண்டாக்கிவிட்டால் விவகாரம் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. விசாரிக்கத் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வரும் நாளன்று, எல்லோரும் வயலுக்குப் போனதும் ஏணி வைத்து ஏறி அறுத்தேன். சுவருக்கு நேர்மேலே அறுத்திருந்தால் இரண்டு துண்டும் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். நான் அறுத்ததோ சித்தி பக்கம் ஒரு முழம் தள்ளி. கீற்றுக் கட்டு பிடித்துக்கொண்டதால் வளை விழவில்லை. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்.ஐ.யைச் சித்தி வீட்டுக்குள் கூட்டிப்போன காரியஸ்தர், "பாருங்க சார், ஒரே வளை" என்று குடையால் மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

வளை இறங்கியது. கூடவே கீற்று, இருபது வருடப் புகைக்கரி, ஓர் எலிக்குடும்பம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வெள்ளை வேட்டியில் உள்ளே போன காரியஸ்தர் கரிமூட்டையாக வெளியே வந்தார். சித்தியின் வீட்டை மிராசுக்கு முன்னால் நானே பிடுங்கிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

நடவிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த சித்தி, வானம் தெரிந்த தன் வீட்டையும் அசையாமல் நின்ற எங்கள் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "ஒரே வீடுன்னா சேந்துல்ல சார் விழுந்திருக்கணும்? என் வீடு விழுந்துருச்சு. மூத்தார் வீடு நிக்குது பாருங்க."

ஆர்.ஐ. அறுபட்ட வளையைப் பார்த்தார். என் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளையும் பார்த்தார். தலையிலிருந்த கீற்றைத் தட்டிவிட்டு, நின்றபடியே எழுதினார்: இரண்டு வீடு, இரண்டு பட்டா.

அந்த வாரமே தெரு மொத்தமும் சேர்ந்து சித்திக்குக் கூரை போட்டது, தனி வளையோடு. (என்னை ஏணிப்பக்கம் விடவில்லை.) இன்று இரண்டும் மாடி வீடுகள். சித்திக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் வந்தால் கத்தியை என்னிடம்தான் கொடுக்கச் சொல்வார்: "அவன்ட்ட குடுங்க. தள்ளி வெட்டுவான், நமக்குப் பெரிய துண்டா வரும்."