இறாலின் இடது கண்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மயிலாப்பூரில் இறால் சாப்பிடுகிறவர்கள் குறைவு. இறால் பண்ணைப் பங்கு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. "சாப்ட்டாத்தானே தோஷம், டிவிடெண்டுக்கு ஏது தோஷம்?" என்று பெரியவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாட்டு நலன் கருதி, அடையாற்றில் இருந்த ஓர் அரசு ஆய்வு நிலையமும் இறால் குஞ்சு பொரிப்பது என்று தீர்மானித்தது.

பொறுப்பு மாளவிகாவுக்கு வந்தது. ஒப்பந்த வேலை. திட்டம் வெற்றி என்றால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அவள் காசிமேட்டிலிருந்து ஒரு தாய் இறாலை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். அடைபட்ட இறால் லேசில் முட்டை வைக்காது. ஒரு கண்ணைக் காம்போடு நறுக்கினால் சில நாளில் வைத்துவிடும். முட்டையைத் தடுக்கும் சுரப்பி அந்தக் காம்பில்தான் இருக்கிறது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்க நிர்வாக அதிகாரி வேம்பு இல்லை.

"இறால் அரசாங்கச் சொத்து. ரெண்டு கண்ணோட வரவு வெச்சிருக்கோம்," என்றார் வேம்பு. "ஒண்ணைக் காணோம்னா ஆடிட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வெட்டினாத்தான் சார் முட்டை."

"வெட்டும்மா, யார் வேண்டாம்னா? பழுதான பொருள்னு கழிவுக் குழு எழுதித் தரட்டும்."

"கண்ணு நன்னாத்தானே சார் இருக்கு?"

"நன்னா இருக்கற கண்ணை எதுக்கும்மா வெட்டறே?"

மாளவிகா கெஞ்சினாள். "சீக்கிரமே இது சட்டை உரிச்சுடும் சார். ஆண் இறால் குடுத்த விந்துப் பை அந்த ஓட்டோட போயிடும். அப்புறம் முட்டை வெச்சாலும் பொரிக்காது."

வேம்பு காதைப் பொத்திக்கொண்டார். "அதுக்குத் தனியா ஃபைல் போடு."

அதுவரை நாற்காலியையும் மின்விசிறியையும் மட்டுமே கழித்துப் பழகிய குழு கூடியது. இடது கண்ணா, வலது கண்ணா என்று கேட்டது. எதுவானாலும் சரி என்றாள் மாளவிகா. அப்படியெல்லாம் ஆணை போட முடியாது என்று இடது கண்ணைத் தேர்ந்தெடுத்து, கண் மருத்துவரின் சான்றிதழ் கேட்டது. மருத்துவர் தொட்டிக்கு மேல் விரலை ஆட்டினார். இறால் விலகிப் போனது. பார்வை ஐயத்துக்கிடமின்றி நன்றாயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பழுதில்லை என்று கோப்பு திரும்பி வந்தது.

மறுநாள் தொட்டி பார்த்துக்கொள்ளும் ஷரீஃப் வந்து நின்றார். "மேடம், சட்டை உரிச்சிடுச்சு. ஓடு மெதந்துகினு கீது."

மாளவிகா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். வேலை போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வேம்பு மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ஓட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இதுலே கண்ணு தெரியறதே."

"கண்ணோட உறை சார்."

"எத்தனை?"

"ரெண்டு."

"உள்ளே இருக்கற சொத்துக்குச் சேதம்?"

"இல்லை."

வேம்புவின் முகம் மலர்ந்தது. சாயங்காலத்துக்குள் அறிக்கை தயார்: 'அனுமதி கோரப்பட்ட கண் ஒன்று. அகற்றப்பட்டவை இரண்டு. இலக்கில் இருநூறு சதவீதம் எய்தப்பட்டது. அரசுச் சொத்துக்கு யாதொரு சேதமுமில்லை.'

"சார், முட்டை?" என்றாள் மாளவிகா.

"அது நோக்கம்ங்கற பத்தியில இருக்கும்மா. சாதனையில எதுக்கு?"

அறிக்கையோடு அவளுடைய நிரந்தர ஆணையும் இருந்தது. பேனாவைத் திறந்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே அய்யாதுரை காத்திருந்தார். நாகப்பட்டினம் பக்கம் குளம் வெட்டி, தண்ணீரும் நிரப்பி, குஞ்சுக்காக நடையாய் நடப்பவர். குஞ்சு இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரோ அவள் கையிலிருந்த அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"குஞ்சு கெடக்கட்டும்மா. இதுல ஒரு ஜெராக்ஸ் குடுங்க. இருநூறு சதவீதம்னு அரசாங்கமே சொல்லுது. பங்கு வெளியிட்டுடறேன்."

வெளியிட்டார். தி.நகரில் பங்குக்கு விண்ணப்பம் போட வங்கி வாசலில் பெரிய வரிசை. முதல் ஆளாக வேம்பு, சேமநிதி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு. அடுத்து மாளவிகா, நிரந்தரமான பிறகு வாங்கிய முதல் சம்பளத்தோடு. அறிக்கை எழுதியவர்களே நிற்கும்போது நமக்கென்ன சந்தேகம் என்று, மயிலாப்பூர் அவர்களுக்குப் பின்னால் நின்றது.