பயனர் பதிவு செய்யப்பட்டார்

"பேரு போட்டாச்சு, சாவி போட்டாச்சு. அப்புறமும் உள்ளே விடமாட்டேங்குதே!" என்றார் ஆலோசகர், சாப்பாட்டு மேஜைமேல் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்து.

ஆலோசகர் என்ற பட்டம் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. போன வாரம்தான் வேலையை விட்டிருந்தார். சும்மா விட்டிருந்தாலும் பரவாயில்லை. கிளம்பும்போது மேனேஜர் அறைக்குள் போய், "நான் இல்லாம இந்த ஆபீஸ் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு வந்திருந்தார். ஆபீஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் வாடிக்கையாளரையும் கோட்டைவிட்டால், இவர்தான் அதே அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வாடிக்கையாளர் ஒரு நாற்காலிக் கடைக்காரர். அவருடைய இணையக் கடை ஒரு கிளஸ்டரில் இருந்தது. பல கணினிகளைக் கூட்டுச் சேர்த்து, மென்பொருளைப் பெட்டி பெட்டியாக அடைத்து ஓடவிடும் ஏற்பாடு அது. காலையில் கடை படுத்துவிட்டது. யாராவது உள்ளே போய்த் தட்டி எழுப்ப வேண்டும். போவதற்கு, கறுப்புத் திரையில் பயனர் பெயரையும் கடைக்காரர் அனுப்பிய சாவியையும் கட்டளையாக அடிக்க வேண்டும்.

"'தலைமை ஆலோசகர்'னு பேர் குடுத்தேன். பயனர் பதிவு செய்யப்பட்டார்னு மரியாதையா சொல்லுது. அடுத்த வரியிலேயே நீ யாருன்னு கேக்குது."

"நியாயமான கேள்விதானே மாமா" என்றான் சோபாவில் படுத்திருந்த மச்சினன்.

அந்தப் பதிவு லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு கோப்பில் மட்டும் நடப்பது. வீட்டிலேயே விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வது மாதிரி. எந்தப் பதவியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் காவலாளி சல்யூட் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது ஆலோசகருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

"இது எந்த விலாசத்துக்குப் போகுது மாமா?"

"அதெல்லாம் இந்த லேப்டாப்புல முன்னாடியே போட்டிருக்கு. விலாசம் தேடிக்கிட்டுப் போக நான் என்ன கூரியரா?"

கடைக்காரரின் பெயரில் முயன்றார். பதிவு செய்யப்பட்டார், விரட்டப்பட்டார். 'நிர்வாகி' என்று போட்டார். அதே மரியாதை, அதே விரட்டு. ரோஷம் வந்து 'சக்கரவர்த்தி' என்று போட்டார். சக்கரவர்த்தியும் பதிவு செய்யப்பட்டார்.

"பாத்தியா மாப்ள, ஒத்துக்கிச்சு!"

"இப்ப அனுமதி இல்லைங்குதே மாமா."

"நாட்டுல சக்கரவர்த்திக்கே இந்தக் கதின்னா..."

கைபேசி அடித்தது. கடைக்காரர். "சார், சாயங்காலத்துக்குள்ள கடை எழுந்திருக்கலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"உள்ளே போய்க்கிட்டேதான் இருக்கேன்" என்றார் ஆலோசகர். பொய் இல்லை. போய்க்கொண்டேதான் இருந்தார்.

மச்சினன் எழுந்து வந்தான். "நீங்க ஒருத்தரா தட்டினா எப்படி? நொடிக்கொரு தடவை தானா தட்டற மாதிரி ஒரு நிரல் எழுதித் தரேன். எரிச்சல்லயாவது திறக்கும்."

எழுதினான். திரை அருவி மாதிரி கொட்டியது. அனுமதி இல்லை, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. பிறகு சட்டென்று அமைதி. திட்டுகூட வரவில்லை.

"மறுக்கறத நிறுத்திட்டான்" என்றார் ஆலோசகர், மீசையைத் தடவிக்கொண்டு. "இறங்கி வர்றான்."

"இல்ல மாமா. நம்ம வீட்டு நெட்டே போயிடுச்சு."

ஆலோசகர் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு, தான் யார் என்பதை முதலில் விளக்கினார். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சார், உங்க லைனை நிறுத்தச் சொல்லி மேலிடத்துல இருந்து உத்தரவு" என்றாள்.

ஆலோசகர் போனை வைத்தார். அப்புறம் மெல்ல முகம் மலர்ந்தது.

"மேலிடமாம் மாப்ள! நம்ம பேரு அவ்வளவு தூரம் போயிருக்கு."

"எந்தப் பேரு மாமா? நாலு வெச்சீங்களே!"

அவர் பதில் சொல்வதற்குள் கைபேசி மறுபடி அடித்தது. மனைவி, அவளுடைய ஆபீசிலிருந்து. குரலில் மூச்சிரைப்பு.

"என்னங்க, நான் வர லேட்டாகும். எவனோ ஒரு கிறுக்கன் 'தலைமை ஆலோசகர்', 'சக்கரவர்த்தி'ன்னு பேரை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு, நான் நம்ம வீட்டு லேப்டாப்புல இருந்து வேலை பாப்பேனே, அந்த எங்க ஆபீஸ் கிளஸ்டருக்குள்ள பூந்துடப் பாத்திருக்கான். ஆளு நம்ம தெருவுலதான் இருக்கானாம், போலீஸ் வந்துக்கிட்டு இருக்காங்க, நீங்க கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் பத்திரமா இருங்க!"